பிக்ஹார்ன் கடா டேக்: வரிசையில் நிற்பதா, குலுக்கலில் இறங்குவதா?

மேற்கு அமெரிக்காவில் வேட்டைக்குப் போகிறவர்களிடம், வாழ்நாளில் ஒரே ஒரு டேக்தான் (ஒரு விலங்கை வேட்டையாட மாநிலம் தரும் அனுமதிச் சீட்டு) என்றால் எதைக் கேட்பீர்கள் என்று கேட்டால், பலரும் யோசிக்காமல் பிக்ஹார்ன் கடா என்பார்கள். மலைச் செம்மறி. முழுதாகச் சுருண்ட கொம்பு, செங்குத்துப் பாறை, எட்டாத உயரம். ஆசைப்படுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், டேக்கோ ஒரு பகுதிக்கு ஒன்று, இரண்டு, மிஞ்சினால் சில.

ஏன் இவ்வளவு குறைவு? ஒரு காலத்தில் மலை முழுக்கத் திரிந்த மிருகம் இது. கட்டுப்பாடில்லாத வேட்டை ஒரு பக்கம் அழித்தது. இன்னொரு பக்கம், பண்ணை ஆடுகளிடமிருந்து தொற்றும் நிமோனியா மந்தை மந்தையாகக் கொன்றது. அந்த நோய் இன்றும் ஓயவில்லை. நோய் வந்த மந்தையில் பிறக்கும் குட்டிகள் பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து சாகின்றன. அதனால் ஒவ்வொரு மாநிலமும் மந்தையை எண்ணிப் பார்த்து, எத்தனை கடாவை எடுத்தால் மந்தை தாங்கும் என்று கணக்குப் போட்டு, அத்தனை டேக் மட்டும் விடுகிறது. இந்தியாவில் 1972-ன் வனவுயிர்ச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்று பார்த்து வளர்ந்த நமக்கு இது விசித்திரமாகத் தெரியலாம். அமெரிக்காவில் 1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா விற்பனையில் பிடிக்கும் வரி வனவுயிர் மீட்புக்குப் போகிறது. டேக் கட்டணமும் அப்படியே.

சரி, அந்த டேக்கை யாருக்குக் கொடுப்பது? இதில்தான் மாநிலத்துக்கு மாநிலம் வழி மாறுகிறது. நான் ஐடஹோவில் குடியிருக்கிறவன், நாற்பதைத் தாண்டியவன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாற்பதுக்கு மேல் இந்த ஆசை வந்தவர்கள் ஆண்டுதோறும் புள்ளி சேர்த்துக் காத்திருக்கும் வரிசையில் போய் நிற்கக் கூடாது. புள்ளியே இல்லாத குலுக்கலில்தான் காசைப் போட வேண்டும்.

வயோமிங்: முன்னுரிமைப் புள்ளி

வயோமிங் முறை புரிந்துகொள்ள எளிது. டேக் கிடைக்காத ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு புள்ளி. டேக்கில் நான்கில் மூன்று பங்கு அதிகப் புள்ளி வைத்திருப்பவர்களுக்கே போகும், மிச்சம் குலுக்கல். ரேஷன் கடை வரிசை மாதிரி, முன்னால் நிற்பவர் வாங்கிய பிறகுதான் பின்னால் இருப்பவர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வரிசை நகர்ந்தால்தானே நியாயம்?

ஒரு பகுதியில் ஆண்டுக்கு 2 டேக், உச்சப் புள்ளியில் 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 100 பேர் முடியவே 50 ஆண்டு ஆகும். அவர்களுக்கு ஒரு புள்ளி குறைவாக வைத்திருப்பவரின் கதி என்ன? ஒவ்வோர் ஆண்டும் அவருக்கு ஒரு புள்ளி கூடும், தேவைப்படும் புள்ளியும் ஒன்று கூடும். துரத்தத் துரத்த எல்லை தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும்.

வெளி மாநிலத்தவர் ஒரு செம்மறிப் புள்ளி வாங்க ஆண்டுக்கு 150 டாலர். இருபது ஆண்டு கட்டினால் 3,000 டாலர், கையில் டேக் இல்லாமலேயே. அதோடு 2022-லிருந்து செம்மறி, மூஸ் (பெரிய மான் இனம்), மலையாட்டு டேக்கில் 90 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு என்று ஆக்கிவிட்டார்கள். அதற்கு முன் பல ஆண்டு கட்டியவர்களுக்கு இது பெரிய அடி. சட்டம் மாநிலத்தின் பக்கம் இருக்கலாம், வாங்கிய காசுக்குக் கொடுத்த நம்பிக்கை என்ன ஆனது என்ற கேள்வி எனக்கு இன்னும் ஆறவில்லை. புள்ளி என்பது சொத்து இல்லை, மாநிலம் நினைத்தால் அதன் மதிப்பை ஒரே கூட்டத்தொடரில் மாற்றிவிடும். எந்த மாநிலத்தில் புள்ளி சேர்த்தாலும் இதை மனதில் வைத்துக்கொண்டு சேருங்கள்.

இன்னொன்றும் உண்டு. வயோமிங்கில் கூட்டரசு ‘வில்டர்னஸ்’ என்று அறிவித்த காட்டில் வெளி மாநிலத்தவர் பெரிய விலங்கு வேட்டைக்குத் தனியாக இறங்க முடியாது. உரிமம் பெற்ற கைடு வேண்டும், இல்லையென்றால் முறையாக அனுமதி பெற்ற உள்ளூர்க்காரர் ஒருவர் கூட வர வேண்டும். நல்ல கடாக்கள் இருப்பதோ பெரும்பாலும் அந்தக் காட்டில்தான். ஆக, டேக் விலையோடு கைடு கூலியையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

நெவாடா, மொன்டானா, அரிசோனா: போனஸ் புள்ளி

இங்கே புள்ளி என்பது குலுக்கலில் கூடுதல் சீட்டு. நெவாடாவில் புள்ளியை வர்க்கமாக்கி, அதோடு ஒன்று கூட்டுவார்கள். 15 புள்ளி வைத்திருப்பவருக்கு 226 வாய்ப்பு, 5 புள்ளிக்கு 26, புதிதாக வந்தவருக்கு ஒன்று. மொன்டானாவும் வர்க்கமாக்குகிறது. வயோமிங்கோடு ஒப்பிட்டால் ஒரு பெரிய நல்லது: புதியவருக்கும் கதவு திறந்தே இருக்கிறது. முதல் ஆண்டிலேயே டேக் விழுந்தவர்கள் உண்டு. ஆனால் 226 சீட்டுக்காரர்கள் நிறைந்த கூடையில் ஒரு சீட்டின் மதிப்பு என்ன என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அரிசோனா கொஞ்சம் இரக்கமானது. முதல் 20 சதவீத டேக்குக்கு அதிகப் புள்ளிக்காரர்களைப் பார்க்கிறார்கள். மிச்சத்துக்குப் புள்ளிக்கு ஒரு சீட்டுதான், வர்க்கம் கிடையாது. ஐந்து ஆண்டு விடாமல் விண்ணப்பித்தால் ஒரு விசுவாசப் புள்ளி, வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்தால் நிரந்தரமாக ஒரு புள்ளி.

அரிசோனாவை நான் விரும்புவதற்கு வேறு காரணமும் உண்டு. அங்கே இருப்பது பெரும்பாலும் பாலைவனப் பிக்ஹார்ன். 1930-களில் அது அருகிப்போனபோது, ஃபிரெடெரிக் பர்ன்ஹாம் என்பவர் தூண்ட, சாரணர் சிறுவர்கள் மாநிலம் முழுக்கப் பிரசாரம் செய்தார்கள். அதன் பலனாக 1939-ல் கோஃபா, கபேசா பிரியெட்டா என்ற இரண்டு சரணாலயங்கள் வந்தன. இன்றும் பாலை மலைகளில் மழைநீர் பிடிக்கும் தொட்டிகளைத் தன்னார்வலர்கள் கட்டிப் பராமரிக்கிறார்கள், வறட்சியில் தண்ணீரைச் சுமந்துபோய் நிரப்புகிறார்கள். அவர்களில் பலருக்கு டேக் விழுந்ததே இல்லை. வேட்டை டிசம்பரில், வெயில் தணிந்திருக்கும் காலம். உடம்புக்கும் அது இதம்.

ஐடஹோ, நியூ மெக்சிகோ: வெறும் குலுக்கல்

இந்த இரண்டு மாநிலத்திலும் புள்ளி என்பதே இல்லை. முப்பது ஆண்டாகக் கேட்பவரும் நேற்று குடிவந்தவரும் ஒரே கூடையில். பழையவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும், புரிகிறது. ஆனாலும் மந்தை பொதுச் சொத்து என்றால் இதுதான் நேர்மையான முறை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஐடஹோவில் கூட்டத்தைக் குறைக்க வேறு வழி வைத்திருக்கிறார்கள். மூஸ், செம்மறி, மலையாடு மூன்றில் ஒன்றுக்குத்தான் ஓர் ஆண்டில் விண்ணப்பிக்கலாம். அதற்கு விண்ணப்பித்தால் மான், எல்க், பிராங்ஹார்ன் குலுக்கல்களைப் பெரும்பாலும் விட்டுவிட வேண்டும். வெளி மாநிலத்தவர் 2,600 டாலருக்கு மேல் முன்கூட்டியே கட்ட வேண்டும், விழாவிட்டால் டேக் பணம் திரும்பி வரும். ‘எதற்கும் போட்டு வைப்போம்’ என்று வருகிறவர்கள் இதிலேயே கழிந்துவிடுகிறார்கள். மிஞ்சுகிறவர்கள் உண்மையாகவே செம்மறி வேண்டும் என்பவர்கள். அதனால் வாய்ப்பு மற்ற மாநிலங்களைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்கிறது. விண்ணப்பம் ஏப்ரல் மாதம் முழுக்க. கடாவைச் சுட்டவர் அதே வகைக் கடாவுக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

நியூ மெக்சிகோவில் ஒரே ஆண்டில் எல்க், மான், ஓரிக்ஸ், ஐபெக்ஸ், செம்மறி என்று எல்லாவற்றுக்கும் போடலாம். இது பலம் போலத் தெரியும், ஆனால் எல்லாரும் எல்லாவற்றுக்கும் போடுவதால் செம்மறிக் கூடை நிரம்பி வழிகிறது. டேக்கில் 84 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு, 10 சதவீதம் அவுட்ஃபிட்டரோடு (வேட்டைப் பயணம் நடத்திக் கொடுப்பவர்) ஒப்பந்தம் போட்டவர்களுக்கு, 6 சதவீதம்தான் மற்ற வெளியாட்களுக்கு. இங்கே பாலைவனப் பிக்ஹார்ன் மாநிலத்தின் அருகும் உயிரினப் பட்டியலிலிருந்து 2011-ல்தான் நீங்கியது. இந்த அளவுக்கு மீண்டு வந்ததே சந்தோஷம். 90 நாள் குடியிருந்தால் உள்ளூர்க்காரர் ஆகிவிடலாம். ஐடஹோவிலும் அரிசோனாவிலும் ஆறு மாதம், வயோமிங்கில் ஓர் ஆண்டு. வேலைக்காக ஐடஹோவின் பாய்ஸிக்கோ அரிசோனாவின் சாண்ட்லருக்கோ குடிபோகும் தமிழர்கள் இந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர் ஆவதைவிடப் பெரிய புள்ளி எந்த மாநிலத்திலும் இல்லை.

ஒரு டேக் கையில் வந்தால் என்ன ஆகும் என்பதை நான் அருகில் இருந்து பார்த்தது ஐடஹோவில்தான். கூட வேலை பார்க்கும் நண்பருக்கு ‘ஃபிராங்க் சர்ச்’ காட்டில் ஒரு பகுதி விழுந்தது. 1980-ல் அறிவிக்கப்பட்ட காடு அது, சாலை கிடையாது. குதிரையில் போகலாம், சின்ன விமானத்தில் ஆற்றோர ஓடுதளத்தில் இறங்கலாம். நான் ஸ்பாட்டிங் ஸ்கோப் (தொலைநோக்கி) சுமக்கப் போனேன்.

வேலையில் பெரும்பகுதி உட்கார்ந்து பார்ப்பதுதான். காய்ந்த புல் சரிவு, நடுநடுவே கரும்பாறை. கடா படுத்திருந்தால் பாறைக்கும் அதற்கும் நிறத்தில் வித்தியாசமே இருக்காது, பின்புறத்து வெள்ளைத் திட்டுதான் காட்டிக்கொடுக்கும். இரண்டு கடாக்களைக் கண்டோம். ஒன்றின் கொம்பு முனை கூராக, அகலமாக விரிந்து, பார்க்க ஆசையாக இருந்தது. இன்னொன்று முனை உடைந்து, தாடையோடு ஒட்டிக் கனத்துக் கிடந்தது. ஸ்கோப்பில் நண்பர் கொம்பு வளையங்களை எண்ணினார். குளிர்காலத்தில் வளர்ச்சி நிற்பதால் ஆண்டுக்கு ஒரு பள்ளம் விழும். கூர்முனைக்காரன் இளசு. முனை உடைந்தவன்தான் கிழவன், பல சண்டை பார்த்தவன். நண்பர் தயங்காமல் கிழவனைத் தேர்ந்தெடுத்தார்.

அப்புறம் சுற்றிக்கொண்டு மேலே ஏறினோம். செம்மறியின் கண் கீழ்நோக்கியே இருக்கும், ஆபத்து கீழிருந்து வரும் என்பது அதன் பழக்கம். காலையில் வெயில் ஏற ஏறக் காற்றும் சரிவில் மேலே ஏறும், அதனால் நம் வாடை அதற்குப் போகாது. ஒரே தோட்டா. பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. செப்டம்பர் வெயிலில் இறைச்சி கெடும் முன் துணிப் பைகளில் நிழலில் தொங்கவிட வேண்டும், பிறகு முழுவதையும் முதுகில் இறக்க வேண்டும். உண்ணத்தக்க இறைச்சியை மலையிலேயே விட்டு வருவது சட்டப்படி குற்றம். பெரிய கடாவின் கொம்பும் மண்டையும் மட்டுமே 14 கிலோ வரை போகும். இறைச்சியின் ருசியைப் பற்றி ஒன்று சொல்லலாம்: எல்க், மான் எல்லாம் இதற்குப் பிறகுதான். கொம்பை வனவிலங்குத் துறை அலுவலகத்தில் காட்ட வேண்டும். அங்கே துளை போட்டு எண் பொறித்த உலோக முளை அடிப்பார்கள், கள்ள வேட்டைக் கொம்பு சந்தைக்கு வராமல் இருக்க.

அன்று ஏறிய ஏற்றத்தை வைத்துத்தான் முன்னுரிமைப் புள்ளி வேண்டாம் என்கிறேன். அறுபத்தைந்து வயதில் டேக் விழுந்தால், அந்தச் சரிவு வயதுக்குத் தக்கபடி தணிந்து கொடுக்காது.

குலுக்கலே வேண்டாம் என்றால்

மொன்டானாவில் எல்லோஸ்டோனை ஒட்டிய சில பகுதிகளில் செம்மறி டேக்குக்கு எண்ணிக்கை வரம்பில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்கும். கடாக்களுக்கு மட்டும் வரம்பு உண்டு, அந்தச் சிறு எண்ணிக்கை நிரம்பியதும் அறிவித்துப் பருவத்தை மூடிவிடுவார்கள். கரடிகள் உலவும் கரடுமுரடான நிலம், கடாக்கள் மிகக் குறைவு, பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். ஆனால் காத்திருக்காமல் அடுத்த ஆண்டே செம்மறி மலையில் ஏற வேண்டும் என்றால் இதுதான் வழி. காலில் பலமும் கையில் விடுப்பும் உள்ளவர்களுக்கு மனதார இதைச் சொல்வேன்.

ஏலம் இன்னொரு பக்கம். 2013-ல் மொன்டானா செம்மறி டேக் ஒன்று 4,80,000 டாலருக்குப் போனது. அந்தப் பணம் மந்தைக்கே செலவாகிறது என்பதால் எனக்கு வருத்தமில்லை. நமக்கான வழி அது இல்லை, அவ்வளவுதான்.

ஆக, நாற்பதைத் தாண்டியவருக்கு என் வரிசை இது: குடியிருக்கும் மாநிலம் முதலில், எந்த முறையாக இருந்தாலும். வெளியில் போடுவதென்றால் ஐடஹோ. பணம் முடங்கினாலும் பரவாயில்லை என்றால் நியூ மெக்சிகோவையும் சேர்த்துக்கொள்ளலாம். வயோமிங் வேண்டாம். முப்பதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு, அவர்கள் நெவாடாவிலும் அரிசோனாவிலும் இப்போதே புள்ளி சேர்க்கத் தொடங்கலாம். வீட்டில் ஆசையுள்ள பிள்ளை இருந்தால், அரிசோனாவின் பயிற்சி வகுப்புப் புள்ளியை முதலில் வாங்கிக் கொடுங்கள். டேக் விழுந்து ஆண்டுதோறும் சேர்த்த புள்ளிகள் அழிந்தாலும் அந்த ஒன்று அழியாது.