எப்சன் வி600: பிலிமுக்கும் டிஜிட்டலுக்கும் நடுவில் நிற்பவருக்கு எதுவரை கைகொடுக்கும்?

கேமரா டிஜிட்டலுக்கு மாறிவிட்டாலும் அலமாரியில் இருக்கிற நெகட்டிவ் அப்படியேதான் இருக்கும். பழைய வாடிக்கையாளர் பத்து வருஷத்துக்கு முந்தைய கல்யாணப் படத்துக்கு மறுபிரிண்ட் கேட்பார். இன்னொருவர் பிலிமில்தான் எடுக்க வேண்டும், ஆனால் படம் கைபேசிக்கு வர வேண்டும் என்பார். மாலையிலும் விடுமுறை நாளிலும் மட்டும் புகைப்படத் தொழில் பார்க்கிறவர் இந்த இடத்தில்தான் ஸ்கேனர் தேட ஆரம்பிக்கிறார். தேடினால் முதலில் கண்ணில் படுவது எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி600.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 120 பிலிம் (35 மி.மீ.யைவிட அகலமான, மீடியம் ஃபார்மட் ரோல்) எடுப்பவர் தயங்காமல் வாங்கலாம். 35 மி.மீ. மட்டுமே வைத்திருப்பவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இரண்டு பேருமே மெஷினுக்குக் கொடுக்கிற காசைவிட, அதன் முன் உட்கார்ந்து கழிக்கப் போகிற நேரத்தை முதலில் கணக்குப் போடுவது நல்லது.

பெட்டியில் 6400 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) என்று போட்டிருக்கும். அந்த எண்ணிக்கையில் பிக்சல் வரும், ஆனால் அத்தனையிலும் விவரம் இருக்காது. சோதனைப் பலகை வைத்து அளந்தவர்களுக்குக் கிடைத்தது 1500, 1600 டிபிஐ சுற்றுவட்டாரம்தான். 1600 என்றே வைத்துக்கொண்டால், 36×24 மி.மீ. பிரேம் ஒன்றில் சுமார் 2270×1510 பிக்சல், அதாவது மூன்றரை மெகாபிக்சலுக்குச் சற்றுக் குறைவான விவரம். 300 டிபிஐயில் பிரிண்ட் போட்டால் ஏழரைக்கு ஐந்து அங்குலம். ஆல்பத்தில் ஒட்டுகிற 5×7க்குக் குறைவில்லை. 8×10 கேட்டால் சமாளிக்கலாம். அதற்கு மேல் பெரிதாக்கினால் முடியும் கண் இமையும் குழைந்துதான் தெரியும். அதே கணக்கை 120 பிலிமின் 6×6 செ.மீ. நெகட்டிவுக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு பக்கம் 3500 பிக்சல், பிரிண்ட் பதினொன்றரை அங்குலத்துக்கு மேல். 120காரருக்கு இது பொருந்துவதன் காரணம் அவ்வளவுதான்.

ஆகவே 6400இல் ஸ்கேன் செய்வது வீண். ஒரு 35 மி.மீ. பிரேம் 48 பிட் டிஃப் கோப்பாக 330 எம்பி ஆகும், கூடுதலாக எதுவும் தெரியாது. 2400 போதும். அதுவே சுமார் 46 எம்பி. 36 பிரேம் ரோல் ஒன்று முழுவதும் சேர்த்தால் 1.7 ஜிபிக்குப் பக்கத்தில் வரும்.

பிலிமைப் பிடிக்கிற சட்டமான ஹோல்டரில் 35 மி.மீ. என்றால் ஆறு பிரேம் துண்டு இரண்டு, மொத்தம் 12 பிரேம். சட்டம் போட்ட ஸ்லைடு என்றால் நான்கு. 120 ஒரு துண்டு. மூடியில் உள்ள விளக்கு வரிசை அகலம் குறைவு, மூன்று அங்குலம்கூட இல்லை. தொழில் செய்பவருக்கு இது பெரிய குறை. நெகட்டிவ் உறைத்தாள் ஒன்றை அப்படியே கண்ணாடிமேல் வைத்து, முழு ரோலுக்கும் ஒரே தடவையில் கான்டாக்ட் ஷீட் (எல்லா பிரேமும் சின்னதாக ஒரே தாளில்) எடுக்க முடியாது. வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்கத்தான் படம் வேண்டுமென்றால், லைட் பேனல் மேல் உறைத்தாளை விரித்து டிஜிட்டல் கேமராவால் ஒரே கிளிக், கணினியில் நிறத்தைத் திருப்பிப்போட்டால் ஆயிற்று. அவர் குறித்துக் கொடுத்த பிரேமை மட்டும் ஸ்கேனருக்குக் கொண்டுபோங்கள். 36ஐயும் முழுத் தரத்தில் ஸ்கேன் செய்து வைப்பது பாதி வேலையை வீணாகச் செய்வதுதான்.

பிலிமைப் போடும்போது செய்கிற தவறுகளால்தான் முதல் வாரம் போகும். மூடியின் உட்புறம் இருக்கும் வெள்ளைப் பலகையைக் கழற்றாவிட்டால் விளக்கு பிலிமை எட்டாது, ஸ்கேன் கறுப்பாகத்தான் வரும். பிலிமின் பளபளப்பான பக்கம் கீழே கண்ணாடியை நோக்கி இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஓரத்து எண்கள் இடவலம் மாறித் தெரியும், அதுதான் சரி. ஹோல்டரின் ஒரு முனையில் சின்னத் திறப்பு ஒன்று இருக்கும். ஸ்கேனர் தன்னைச் சரிபார்த்துக்கொள்வது அந்த வழியாகத்தான். அங்கே ஒரு தூசி நின்றாலும் படம் முழுக்க நீளக் கோடு விழும். லென்ஸைக் குறை சொல்வதற்கு முன் அந்த இடத்தைத் துடையுங்கள்.

ஹோல்டர் மெல்லிய பிளாஸ்டிக். 35 மி.மீ.யைப் பரவாயில்லாமல் பிடிக்கிறது. 120 பிலிம் நடுவில் தொய்கிறது, ஓரம் தெளிவாகவும் நடுப்பகுதி மங்கலாகவும் வந்தால் காரணம் இதுதான். சுருண்ட பிலிமை உறையோடு கனமான புத்தகத்தின் அடியில் ஓரிரு நாள் வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். இந்த ஸ்கேனரில் ஃபோகஸ் மாற்ற வழியில்லை, ஹோல்டர் உயரத்தையும் மாற்ற முடியாது. எப்சனின் மேல்தட்டு மாடலான வி850இன் ஹோல்டரில் உயரம் மாற்றுகிற வசதி உண்டு. இங்கே நாமேதான் செய்துகொள்ள வேண்டும்: ஹோல்டரின் நான்கு மூலைக்கடியிலும் காகித நாடா ஒரு அடுக்கு ஒட்டி, அதே பிரேமை அதே அமைப்பில் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு இரண்டு அடுக்கு, மூன்று அடுக்கு. பிலிமின் துகள் எதில் கூர்மையாகத் தெரிகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். ஒரு மாலை நேரம் பிடிக்கும், ஒரே தடவைதான்.

இந்த விலைத்தட்டில் வி600ஐத் தூக்கி நிறுத்துவது டிஜிட்டல் ஐசிஈ. அகச்சிவப்பு ஒளியில் இன்னொரு முறை ஸ்கேன் செய்து, தூசியும் கீறலும் எங்கே என்று கண்டுபிடித்து நிரப்பிவிடும். கலர் பிலிமின் சாயம் அந்த ஒளியை விட்டுவிடும், தூசி மறைக்கும், சூட்சுமம் அதுதான். வழக்கமான கறுப்பு வெள்ளை பிலிமில் படமே வெள்ளித் துகள். அதுவும் ஒளியை மறைப்பதால் படத்தையே தூசி என்று நினைத்து மெழுகிவிடும். கறுப்பு வெள்ளைக்கு ஐசிஈயை அணைத்தே ஆக வேண்டும். இல்ஃபோர்டு எக்ஸ்பி2 மாதிரி சி-41இல், அதாவது கலர் நெகட்டிவ் கழுவுகிற முறையில், கழுவுகிற பிலிம் மட்டும் விதிவிலக்கு, அதில் வெள்ளி மிஞ்சுவதில்லை. கோடாக்ரோம் ஸ்லைடிலும் நம்ப வேண்டாம். ஐசிஈ இருக்கிறதே என்று ஊதுபந்தை ஓரம் கட்டிவிடாதீர்கள், நிரப்புகிற இடம் குறையக் குறைய முகம் இயல்பாக இருக்கும்.

எப்சன் ஸ்கேன் மென்பொருளில் நேராக புரொஃபஷனல் மோடுக்குப் போங்கள். தம்ப்நெயில் பார்வை பிரேமின் ஓரத்தை வெட்டும், அதை அணைத்துவிட்டுக் கையால் சட்டம் இழுங்கள். அன்ஷார்ப் மாஸ்க் வேண்டாம், கூர்மை பிறகு ஏற்றலாம். தானியங்கி எக்ஸ்போஷர் வெள்ளை உடையை வெளுக்க வைக்கும். ஹிஸ்டோகிராமில் இரண்டு முனைக் குறிகளையும் படம் முடிகிற இடத்துக்கு வெளியே தள்ளி வையுங்கள். 48 பிட், டிஃப். ஜேபெக்கில் சேமித்தால் 8 பிட்டுக்கு இறங்கிவிடும், நிறம் திருத்த இடம் இருக்காது. லேபுக்கு அனுப்பும் பிரதியின் நிற அமைப்பை (கலர் ஸ்பேஸ்) எஸ்ஆர்ஜிபியாக மாற்றி அனுப்புங்கள். அடோபி ஆர்ஜிபியில் போன கோப்பு பல லேபில் சோகை பிடித்த முகத்தோடு திரும்பி வரும்.

நேரத்துக்கு வருவோம். ஐசிஈ போட்டு ஒரு பிரேமுக்கு மூன்றரை நிமிஷம் என்று வைத்தாலும், 36 பிரேமுக்கு இரண்டு மணி நேரம் தாண்டுகிறது. ஹோல்டரை மூன்று முறை ஏற்றி இறக்குவதும் நிறத்தைத் திருத்துவதும் தனி. வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் ஒரு ரோலுக்கு ஒரு மாலை. பிரேமுக்கு இவ்வளவு என்று மலிவாக விலை சொல்லிவிட்டு முழுப் பெட்டி நெகட்டிவையும் ஏற்றுக்கொள்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ரோலுக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று ஒன்றைச் செய்து பார்த்த பிறகே வாய் திறக்க வேண்டும்.

35 மி.மீ. நிறைய இருந்தால், கையில் உள்ள 24 மெகாபிக்சல் கேமராவும் மேக்ரோ லென்ஸும் இதைத் தோற்கடிக்கும். நிறத்தை உள்ளபடி காட்டும் திறன் (சிஆர்ஐ) 95க்கு மேல் உள்ள லைட் பேனல், கேமராவைக் கீழ்நோக்கிப் பிடிக்கும் ஸ்டாண்டு, எஃப் 8, ஐஎஸ்ஓ 100. பிலிம் இருக்கும் இடத்தில் சின்னக் கண்ணாடி வைத்து, வியூஃபைண்டரின் மையத்தில் லென்ஸே தெரிகிறதா என்று பார்த்தால் கேமரா கோணம் சரி. ஒருமுறை அமைத்துவிட்டால் ஒரு ரோல் கால் மணி நேரத்தில் முடியும். ஆனால் ஐசிஈ கிடையாது, கீறல் விழுந்த பழைய கலர் நெகட்டிவ் வந்தால் கையால் ஒவ்வொரு புள்ளியாகத் துடைக்க வேண்டியதுதான். பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8200i என்ற பிலிம் ஸ்கேனர் கூர்மையில் வி600ஐ மிஞ்சும், அகச்சிவப்புத் துப்புரவும் உண்டு. ஆனால் 35 மி.மீ. மட்டும், ஒவ்வொரு பிரேமாகக் கையால் தள்ள வேண்டும்.

பழையது வாங்குவதாக இருந்தால் மூடியைத் திறந்து, கண்ணாடியின்மேல் சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். நாளாவட்டத்தில் இதன் உட்பக்கத்தில் பனி படிந்தது போல மங்கல் சேரும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் அது போகாது, மேல்தட்டைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். அத்தோடு ஹோல்டர் இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். 120 ஹோல்டர் தொலைந்த வி600ஐ வாங்கிவிட்டு ஹோல்டருக்கு மட்டும் அலைவது வெட்டி வேலை.