பிடபிள்யூஎம்: ஃபாஸ்ட் முறையா, ஃபேஸ் கரெக்ட் முறையா?

பிடபிள்யூஎம் என்பது வெளியீட்டை வேகமாக ஆன்-ஆஃப் செய்து, ஆன் நேரத்தின் பங்கை (டியூட்டி) மாற்றி சக்தியைக் கட்டுப்படுத்தும் வழி. ஆர்டுயினோ ஊனோ போர்டில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பின் டைமர்1 இதன் இரண்டு முறைகளையும் தரும். ஃபாஸ்ட் முறையில் டைமரின் கவுண்டர் (கடிகாரத் துடிப்புகளை எண்ணுவது) 0-லிருந்து உச்சம் வரை ஏறி, சட்டென்று 0-க்கு விழும். ஃபேஸ் கரெக்டில் ஏறிய வழியே இறங்கும்.

16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம், ப்ரீஸ்கேலர் (கடிகாரத்தை வகுக்கும் எண்) 1, வேண்டியது 20 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ஃபாஸ்டில் உச்ச எண்ணை வைக்கும் ரெஜிஸ்டரான ஐசிஆர்1 = 799; ஃபேஸ் கரெக்டில் 400. அதாவது டியூட்டியை நுணுக்கமாக மாற்றும் படிகள் பாதியாகிவிடும். எல்இடி மங்கலுக்கு ஃபாஸ்ட் போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஒப்பீட்டு ரெஜிஸ்டரில் (கவுண்டர் இதிலுள்ள எண்ணை எட்டும்போது வெளியீடு மாறும்) 0 எழுதினாலும் சுற்றுக்கு ஒரு மெல்லிய துடிப்பு வெளியே வரும், எல்இடி முழுதாக அணையாது. ஃபேஸ் கரெக்டில் 0 என்றால் 0தான்.

மோட்டார் என்றால் நான் யோசிக்காமல் ஃபேஸ் கரெக்ட் பக்கம் போவேன். டியூட்டி மாறினாலும் துடிப்பின் நடுப்புள்ளி நகராது. இன்வெர்ட் செய்யாத (ஒப்பீட்டு எண் கூடினால் ஆன் நேரமும் கூடும்) வெளியீட்டில் அந்த நடுப்புள்ளி, கவுண்டர் 0-ஐத் தொடும் கணம். டைமரின் ஓவர்ஃப்ளோ கொடி (நிகழ்வைக் குறிக்கும் பிட்) எழுவதும் அப்போதுதான். மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி-யின் தூண்டுதலாக டைமர்1 ஓவர்ஃப்ளோவைத் தேர்ந்தெடுத்தால், துடிப்பின் விளிம்புகளில் எழும் ஸ்விட்சிங் இரைச்சலிலிருந்து விலகி மோட்டார் கரண்டை அளக்கலாம். துடிப்பு மிகக் குறுகலாக இல்லாதவரை இது அருமையாக வேலை செய்யும்.