பெருச்சாளியா, நீர்ப்பறவையா? பழைய சீனக் கவிதையின் இரண்டு உத்திகள்

சீனாவின் மிகப் பழைய கவிதைத் தொகுப்பு ஷிஜிங், 305 பாடல்கள். அதில் 'பி' (ஒன்றை இன்னொன்றாக ஒப்பிட்டுச் சொல்வது), 'ஷிங்' (வேறொரு காட்சியைக் காட்டிப் பாட்டைத் தொடங்குவது) என்ற இரண்டு உத்திகளைப் பிரித்தறிவதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள்.

'பி' சுலபம். 'பெருச்சாளியே, பெருச்சாளியே, எங்கள் தினையைத் தின்னாதே' என்கிறது ஒரு குடியானவரின் குரல். மூன்று வருஷம் உனக்கு உழைத்தோம், நீ கண்டுகொள்ளவில்லை, உன்னை விட்டுப் போகிறோம். பெருச்சாளி யார் என்று விளக்க வேண்டுமா என்ன? வரி பிடுங்கும் ஆட்சியாளர்தான்.

'ஷிங்' இப்படிப் பிடிகொடுக்காது. தொகுப்பின் முதல் பாடலில் ஆற்றுத் திட்டில் நீர்ப்பறவைகள் கூவுகின்றன. உடனே ஒரு நல்ல பெண், அவளை விரும்பும் இளைஞன். நடுவில் 'போல' கிடையாது. இன்னொரு பாட்டில் இளம் பீச் மரம்: முதலில் பூ, அப்புறம் கனி, பிறகு தழை. ஒவ்வொரு முறையும் அடுத்த வரியில் மணப்பெண் புகுந்த வீட்டுக்குப் போகிறாள். கனியைப் பிள்ளைப்பேறு என்று வாசிக்கலாம். பாட்டு அதைச் சொல்லாது.

பழைய உரைகாரர்கள் அந்த முதல் பாடலில் அரசியின் நற்குணத்தைக் கண்டார்கள். எனக்கு அது இழுத்துப் பிடித்த பொருளாகவே படுகிறது. 12-ஆம் நூற்றாண்டின் சீன அறிஞர் ஜூ ஷி, சொல்ல வந்ததைத் தொடங்கிவைக்க முதலில் வேறொரு பொருளைச் சொல்வதே 'ஷிங்' என்றார். அது போதும். வாசகனை நம்புவதால் என் ஓட்டு 'ஷிங்'குக்கு. அதிகாரத்தைத் திட்ட மட்டும் 'பி'.