சிங்கப்பூர் ஐபிஏ (வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதம்) என்று பேப்பரைக் காட்டினால் உடனே பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்: எங்களுக்கு 2,80,000 ரூபாய் போச்சு

இதை ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன். முந்தாநாள்தான் எல்லாம் பொய் என்று உறுதியாகத் தெரிந்தது. அம்மா இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை. வெளிநாட்டு வேலைக்கு அலையும் தம்பிமார்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால் போதும்.

என் தம்பி டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவன். எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார்கள், அதனால் அவனும் அங்கேயே போக ஆசைப்பட்டான். திருச்சியில் ஒரு டிராவல்ஸ். டிக்கெட் போடுவது, பாஸ்போர்ட் எடுத்துக் கொடுப்பதோடு ‘சிங்கப்பூர் பெர்மிட்’ என்றும் போர்டில் போட்டிருக்கும். வழக்கறிஞர் இப்போதைக்குப் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்றதால் இங்கே எழுதவில்லை. பணம் கட்டப் போகிறவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், சொல்கிறேன்.

வேர்ஹவுஸில் பேக்கிங் வேலை, வொர்க் பெர்மிட், தங்குமிடம் கம்பெனியே கொடுக்கும் என்றார்கள். மொத்தம் 2,80,000 ரூபாய். முதலில் 80,000, ஐபிஏ வந்ததும் மீதி 2,00,000. “ஐபிஏ கையில வராம ஒரு ரூபாய் மேல வாங்க மாட்டேன்க்கா, தம்பிய என் சொந்தத் தம்பி மாதிரி பாத்துக்கிறேன்” என்றார் அந்த டிராவல்ஸ்காரர். எங்கள் முன்னாலேயே போனை ஸ்பீக்கரில் போட்டு ‘சிங்கப்பூர் பாஸ்’ ஒருவரிடம் பேசினார். அந்தப் பக்கம் இருந்தவர் தமிழில், “பையன் டிப்ளமோவா, சீக்கிரம் அனுப்புங்க” என்றார்.

மூன்று வாரத்தில் ஐபிஏ வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். நானும் அம்மாவும் தம்பியும் போனோம். கலர் பிரிண்ட், மேலே சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் சின்னம், தம்பி பெயர், பாஸ்போர்ட் நம்பர், அங்கே உண்மையாகவே இருக்கும் ஒரு கம்பெனியின் பெயர், கீழே கியூஆர் கோடு. தம்பி அதை இரண்டு கையாலும் வாங்கினான். அம்மா கொண்டு வந்திருந்த 2,00,000 ரூபாயை, “சாமி படத்துக்கிட்ட வச்சு எடுத்துக் குடுங்கம்மா, நல்ல காரியம்” என்று சொல்லி வாங்கினார். என் கல்யாண வளையலைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து எடுத்த பணம் அது. அம்மா கண்ணில் ஒற்றிக் கொடுத்தார். அந்த ஆள் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை, “உங்கள நம்பாமயா” என்று டிராயரில் போட்டுக்கொண்டார். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் கை நடுங்குகிறது.

ரசீது கேட்டதற்கு 10,000 ரூபாய்க்கு ‘டாக்குமெண்ட் சர்வீஸ்’ என்று எழுதிக் கொடுத்தார். மீதிக்கு எழுதினால் ஜிஎஸ்டி பிரச்சினை வரும் என்றார். முதல் 80,000 ஒரு பெண்ணின் பெயரில் இருந்த கணக்குக்குப் போனது. அவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது இழுத்தடிப்பு. டிக்கெட் அடுத்த வாரம் என்றார்கள். பிறகு சீனப் புத்தாண்டு லீவு. பிறகு கம்பெனியில் கோட்டா முடிந்துவிட்டது, வேறு கம்பெனிக்கு மாற்றுகிறோம். நேரில் போனால், “சார் சென்னை எம்பசி வரைக்கும் போயிருக்காரு” என்பார் ஆபீஸில் இருக்கும் பெண். சிங்கப்பூர் பெர்மிட்டுக்கு எந்த எம்பசிக்கும் அலைய வேண்டியதில்லை. வேலை கொடுக்கும் கம்பெனிதான் அங்கிருந்தே ஆன்லைனில் விண்ணப்பிக்கும். வாட்ஸ்ஆப்பில் இரண்டு நீல டிக் விழும், பதில் வராது. கடைசியாக அவர் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட மோசம்: “விசிட்ல போயிடச் சொல்லுங்க, அங்க போய் பெர்மிட் அடிச்சுக்கலாம்.” விசிட்டில், அதாவது சுற்றிப் பார்க்கும் விசாவில் போய் வேலை செய்தால் அங்கே குற்றம். பிடிபட்டால் தம்பிதான் மாட்டுவான், இவர் ஏசி ரூமில் உட்கார்ந்திருப்பார்.

பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் சிங்கப்பூர் ஜூரோங்கில் பல வருடமாக வேலை பார்க்கிறார். அவருக்கு அந்த ஐபிஏவை அனுப்பினேன். பார்த்ததுமே கூப்பிட்டார். உண்மையான ஐபிஏவில் அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், பிடித்தம் எல்லாம் தனித்தனியாக இருக்கும், வொர்க் பெர்மிட்காரர்களுக்கு அவர்கள் மொழியிலும் ஒரு பிரதி வரும் என்றார். இதில் மொத்தச் சம்பளம் ஒரே வரியில் இருந்தது, தமிழ்ப் பிரதியே இல்லை. கியூஆரை ஸ்கேன் செய்தால் அந்த டிராவல்ஸின் பக்கமே திறக்கிறது. அமைச்சின் தளத்தில் தேடினால் அப்படி ஒரு விண்ணப்பமே இல்லை. இன்னொன்றும் சொன்னார்: இந்தியர்களுக்கு வொர்க் பெர்மிட் பெரும்பாலும் கட்டுமானம், கப்பல் பட்டறை, பிராசஸ் (எண்ணெய், ரசாயன ஆலை) வேலைகளுக்குத்தான். மற்ற துறைகளில் குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டுமே உண்டு, வேர்ஹவுஸ் பேக்கிங் அதில் கிடையாது. இல்லாத வேலைக்கு 2,80,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

திருப்பிக் கேட்டபோது, “செலவாயிடுச்சும்மா, 50,000 வேணா பார்க்கலாம்” என்றார். மறுநாள் அதுவும் இல்லை. என்னை ‘அக்கா’ என்றவர் இப்போது, “ரசீது பத்தாயிரத்துக்குத்தானே இருக்கு, போய்ப் பாத்துக்கோங்க” என்கிறார். 2,80,000! அப்பா இருந்த காலத்தில்கூட அவ்வளவு பணத்தை எங்கள் வீடு மொத்தமாகப் பார்த்ததில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஒரு நிலையில் இல்லை. அவசரமாகச் சிலதை மட்டும் சொல்கிறேன். 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெறாத யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. டிராவல்ஸ் லைசென்ஸ் இதற்குச் செல்லாது. மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்ட் பெயரைப் போட்டால் பதிவு இருக்கிறதா என்று தெரியும். பதிவு பெற்றவர்கூட சர்வீஸ் சார்ஜாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அதற்கு மேல் லட்சக்கணக்கில் கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள். ஐபிஏவை ஏஜென்ட் போனில் பார்க்காமல், நீங்களே அமைச்சின் தளத்தில் தேடிப் பாருங்கள். கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். விசிட்டில் போகச் சொன்னால் கண்டிப்பாக வேண்டாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே ஆள் எடுக்கிறது, அங்கே முதலில் கேட்டுப் பாருங்கள்.

காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறோம். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் எழுதியாச்சு. வரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுக்கிறோம். திருச்சியில் இதே மாதிரி டிராவல்ஸில் ஐபிஏ பேப்பர் வாங்கி ஏமாந்தவர்கள், பணம் அனுப்பிய கணக்கு விவரம், வாட்ஸ்ஆப் மெசேஜ், அந்த பேப்பர் மூன்றையும் எடுத்துக்கொண்டு எங்களோடு வாருங்கள். ஒரே ஆள் போனால் ‘கொடுக்கல் வாங்கல் தகராறு’ என்று எழுதிவிடுவார்கள்.