‘எல்லாமே கார்டுல இருக்கு’ என்றார்கள். 4,800 ரிங்கிட் போயிற்று. படகு வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

மலேசிய மேற்குக் கரையில் பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள், குறிப்பாகப் படகைத் தானாகவே திசை பிடித்துச் செலுத்தும் ஆட்டோபைலட்டின் மென்பொருளைப் புதுப்பிக்க ஆள் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணத்தைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். படகுகளுக்கான மின்னணுக் கருவிகளைப் பொருத்திப் பழுதுபார்க்கும் ஒரு கடைக்கு 4,800 ரிங்கிட் கொடுத்துவிட்டு, லுமுட்டிலிருந்து பினாங்கு வரை இரவு முழுவதும் சுக்கானைக் கையால் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறேன். தோள்வலி இன்னும் விடவில்லை. புகார் நடுவர் மன்றத்துக்குப் போவதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

என்னுடையது 36 அடிப் படகு. சுக்கானைத் திருப்புவது ஹைட்ராலிக் தண்டு. பழைய கம்பிகளைக் கழற்றி, படகின் மின்னணுக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் என்எம்இஏ 2000 கம்பி இழுப்பது, ஆட்டோபைலட் கணினியின் மென்பொருளைப் புதுப்பிப்பது, அதன் அமைப்புகளை (செட்டிங்ஸ்) சேமித்து மீண்டும் ஏற்றுவது, கடலில் ஓட்டிச் சரிபார்த்துத் தருவது ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து 4,800 ரிங்கிட் என்று பேசி முடித்தோம். புதுப்பிக்கும்போது அமைப்புகள் அழியக்கூடும் என்பது எனக்குத் தெரியும் என்பதால், சேமித்து மீண்டும் ஏற்றும் வேலைக்கு 650 ரிங்கிட் என்று விலைப்பட்டியலில் தனி வரியாகவே போடச் சொன்னேன். போட்டார்கள்.

வேலைக்கு வந்த இளைஞர் நன்றாகத் தமிழ் பேசினார். கடல் வரைபடம் காட்டும் திரைக் கருவியான பிளாட்டரில் மைக்ரோ எஸ்டி கார்டைச் செருகி, திரையில் ‘சேமிப்பு முடிந்தது’ என்று வந்ததை என்னை அழைத்துக் காட்டினார். பிறகு கார்டைச் சிறிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, கறுப்பு மார்க்கரால் என் படகின் பெயரை அதன்மேல் எழுதி, மை காய்வதற்காக வாயால் ஊதி என் கையில் கொடுத்தார். ஆட்டோபைலட்டின் அளவீடுகளும் இதில் இருக்கின்றனவா என்று வெளிப்படையாகவே கேட்டேன். “எல்லாமே இதுக்குள்ள இருக்கு அண்ணே. நாளைக்கே பிளாட்டர் போயிட்டாலும் பத்து நிமிஷத்துல பழையபடி கொண்டு வந்திடலாம்” என்றார். மை ஊதிக் காயவைத்துக் கொடுக்கும் மனிதரை யார்தான் சந்தேகிப்பார்கள்? கடலில் ஓட்டிப் பார்ப்பது என்ன ஆயிற்று என்றதற்கு, நீர் வற்றும் நேரம் என்றும், கருவி போகப்போகத் தானே கற்றுக்கொள்ளும் என்றும் சொன்னார். படகுத்துறையில் நின்றபடியே கைப்பேசியில் பணத்தை அனுப்பி முடித்தேன்.

பங்கோர் தீவைத் தாண்டி, இருட்டிய பிறகு ஆட்டோ பொத்தானை அழுத்தினேன். படகு முதலில் இடப்பக்கம் சாய்ந்து திரும்பியது. பிறகு தாமதமாக விழித்துக்கொண்டு வலப்பக்கம் அளவுக்கு மீறித் திரும்பியது. ஹைட்ராலிக் பம்பு ஓயாமல் முனகிக்கொண்டே இருக்க, பின்னால் நீர்த்தடம் பாம்பாக நெளிந்தது. சுக்கான் சக்கரத்துக்கு முன்னால் உள்ள காந்தத் திசைகாட்டி காட்டிய திசைக்கும் ஆட்டோபைலட் காட்டியதற்கும் ஏறக்குறைய 20 பாகை வேறுபாடு. இந்தக் கடற்பகுதியில் காந்த விலக்கம், அதாவது காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள வேறுபாடு, கிட்டத்தட்டப் பூஜ்யம். எனவே பழியை அதன்மேல் போடவும் வழியில்லை. சுற்றிலும் மீன்பிடிப் படகுகளும் கொடி கட்டிய வலைகளும் இருந்த அந்த இடத்தில் ஆட்டோபைலட்டை அணைத்துவிட்டுச் சுக்கானைப் பிடித்தவன், விடிந்த பிறகுதான் கையை எடுத்தேன்.

பினாங்கில் கார்டை மடிக்கணினியில் திறந்து பார்த்தேன். நங்கூரமிடும் இடங்களின் குறிகள், பயணத் தடங்கள், திரை வண்ணத் தேர்வுகள், அவ்வளவுதான். அதாவது பிளாட்டரில் இருந்தவை மட்டுமே அதில் இருந்தன. சுக்கான் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக எடுக்கும் நேரம், சுக்கான் எவ்வளவு தூரம் திரும்பலாம் என்ற வரம்பு, திசை விலகினால் எவ்வளவு வேகமாகத் திருத்த வேண்டும், திருப்பம் மிஞ்சாமல் எதிர்ச்சுக்கான் எவ்வளவு கொடுக்க வேண்டும், திசைகாட்டியின் பிழைத் திருத்த அட்டவணை ஆகியவை என் படகில் உள்ளதைப் போன்ற கருவிகளில் ஆட்டோபைலட்டின் சொந்தக் கணினியில்தான் இருக்கும். பிளாட்டரின் சேமிப்புப் பொத்தான் அவற்றைத் தொடுவதே இல்லை. மென்பொருளை ஏற்றிவிட்டு ஃபேக்டரி ரீசெட் செய்தபோது அவை மொத்தமாக அழிந்து, எந்தப் படகுக்கும் பொருந்தாத ஆரம்ப எண்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாது என்றால் நான் நம்பத் தயாராக இல்லை.

கடையை அழைத்தேன். முதல் பதில், “உங்க படகுல எங்கயோ காந்தம் இருக்கு, ஸ்பீக்கர் எதுவும் வச்சிருக்கீங்களா?” அடுத்த பதில், அந்தப் பையன் விடுப்பில் இருக்கிறான். அதற்கடுத்து, படகை லுமுட்டுக்கே கொண்டு வாருங்கள், பார்க்கலாம். ஆட்டோபைலட் இல்லாமல் எப்படி வருவது என்பதற்கு விடை இல்லை. கார்டில் இருப்பவற்றைப் படமெடுத்து அனுப்பிய பிறகு, கடலோட்டச் சோதனைக்குத் தனியாக 1,200 ரிங்கிட் ஆகும் என்றார்கள். அது 4,800-க்குள் அடக்கம் என்று அவர்களுடைய விலைப்பட்டியலிலேயே இருக்கிறது. அதையும் படமெடுத்து அனுப்பினேன். நீல நிற டிக் விழுந்தது, பதில் இல்லை. ரிங்கிட் 4,800 வாங்கும்போது இருந்த ‘அண்ணே’ இப்போது ‘மிஸ்டர்’ ஆகிவிட்டது.

மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. முழு 4,800-ஐயும் கேட்கிறேன்.

ஆலோசனை விரிவாக எழுத நினைத்திருந்தேன், அதற்கான பொறுமை இப்போது இல்லை. யாரையும் தொட விடும் முன் ஆட்டோபைலட்டின் அமைப்புப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, எண்கள் தெரியும்படி கைப்பேசியில் படமெடுங்கள், தாளிலும் எழுதுங்கள். திசைகாட்டித் திருத்தம் மட்டும் எழுதி வைத்து மீட்கக்கூடியதல்ல. அலையில்லாத நீரில் படகை மெதுவாக வட்டமடிக்கச் செய்து புதிதாகத்தான் எடுக்க வேண்டும். அந்த வட்டத்தை உங்கள் கண்முன் அடித்துக் காட்டும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். லுமுட் பக்கம் இதே மாதிரி கார்டு உறையை வாங்கியவர்கள் இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். உங்கள் ரசீதையும் மனுவோடு சேர்க்க முடியுமா என்று நடுவர் மன்றத்தில் கேட்கிறேன்.