பீன்யா பட்டறையில் இரண்டு நாள் வலையமைப்புச் சோதனை

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்யும் எங்கள் பட்டறையில் 22 கணினிகளும் வாடிக்கையாளர்களின் வரைபடங்கள் இருக்கும் ஒரு சர்வரும் உள்ளன. வாடிக்கையாளர் ஒருவர் வற்புறுத்தியதால், இந்நகரிலேயே இயங்கும் சிறு நிறுவனம் ஒன்றை அழைத்து, தகவல்களை ரகசியமாகத் திருடும் உளவு நிரல் ஏதும் கணினிகளில் புகுந்திருக்கிறதா என்று சோதிக்கச் சொன்னோம்.

வந்த பொறியாளர் வேலூர்க்காரர். ஆன்டிவைரஸை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. உளவு நிரல் எதையும் அழிக்காது, பணமும் கேட்காது. ஆனால் திருடியதை வெளியே அனுப்பியாக வேண்டும் என்பதால் அங்கேதான் அது அகப்படும் என்று சொல்லிவிட்டு, இணையப் போக்குவரத்தைக் காவல் காக்கும் ஃபயர்வாலில், வெளியே சென்ற தொடர்புகளின் பதிவை வரிவரியாகப் படித்தார். ஸ்டோர் அறைக் கணினி நள்ளிரவிலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே முகவரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. பழைய பிரிண்டர் மென்பொருள் அப்டேட் தேடுகிறது என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துச் சொன்னார். பயமுறுத்திக் கூடுதல் பணம் கறக்க நல்ல வாய்ப்பு, அதைச் செய்யவில்லை. ஆனால் எல்லாக் கணினிகளுக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு வைத்திருந்ததற்காகக் கடிந்துகொண்டார். ஸ்டோர் கணினி ஒன்று திருடர் கையில் விழுந்தால் போதும், அதே சாவியால் சர்வர் வரை நடந்தே போய்விடலாம் என்று எங்கள் கண்முன்னே செய்தும் காட்டினார்.

இரண்டாம் நாள் ஊழியர்களுக்கு வகுப்பு. தர்மசாலாவில் தலாய் லாமாவின் அலுவலகக் கணினிகளில் தொடங்கிய ஆய்வு, 103 நாடுகளில் 1,295 கணினிகளைப் பிடித்திருந்த கோஸ்ட்நெட் என்னும் உளவு வலையை 2009இல் வெளிக்கொண்டுவந்ததை அவர் விவரித்த விதம் அருமை: தெரிந்தவர் அனுப்பியதுபோல் வந்த மின்னஞ்சலோடு இணைத்திருந்த கோப்பைத் திறந்ததுதான் வாசல், அதன்பின் மைக்கும் கேமராவும்கூட வேறொருவர் கையில். சோலார்விண்ட்ஸ் என்னும் அமெரிக்க மென்பொருள் நிறுவனத்தின் நம்பகமான அப்டேட்டுக்குள்ளேயே உளவு நிரல் ஒளிந்து வந்து, இரண்டு வாரம் வரை சத்தமில்லாமல் கிடந்த 2020 சம்பவத்தை ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டார். நியாயமாக அதற்குத்தான் கூடுதல் நேரம் தந்திருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. ஒரு வாரத்தில் தருவதாகச் சொன்ன அறிக்கை மூன்றாவது வாரம்தான் வந்தது. அறுபது பக்கமும் ஆங்கிலம். கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்னும், இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 உத்தரவு கடைசிப் பக்கத்தில் கிடந்தது. நாங்கள் வைத்திருந்தது முப்பது நாளுக்கு மட்டுமே.

கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியானது. அடுத்த ஆண்டும் இவர்களையே அழைப்போம். ஸ்டோர் அண்ணன் இப்போது ‘கொட்டேஷன்’ என்று எந்த மின்னஞ்சல் வந்தாலும் அனுப்பியவருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டே திறக்கிறார். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள்.