ஒன் பொங்கோல்: நல்ல இடம், காலம்தான் கடந்துவிட்டது

சனிக்கிழமைதோறும் காலையில் என் மகனை அழைத்துக்கொண்டு சிங்கப்பூரின் பொங்கோல் நகரில் உள்ள சாம் கீ இலகு ரயில் நிலையத்தில் இறங்கி, அருகிலேயே இருக்கும் ஒன் பொங்கோல் கட்டடத்துக்குச் செல்வது எங்கள் வழக்கம். உணவங்காடி நிலையம், சமூக மன்றம், பாலர் பராமரிப்பு நிலையம், ஐந்து தளங்கள் கொண்ட வட்டார நூலகம் ஆகிய யாவும் ஒரே இடத்தில் இருப்பதால், காலை உணவையும் கதைப்புத்தகத்தையும் ஒரே நடையில் முடித்துக்கொள்ளலாம்.

இரைச்சலைத் தாங்க முடியாத சிறப்புத் தேவையுடைய பிள்ளைகள் ஒதுங்கி அமைதிகொள்ளச் சிற்றிடங்களும், சக்கர நாற்காலியில் இருந்தபடியே நூல் இரவல் பெறும் வசதியும் அந்த நூலகத்தில் உள்ளன. கட்டிடக் கலையைப் பாராட்டுவோர் பலர். எனக்கோ இந்தச் சிறு அக்கறைகளே பெரிதாகத் தெரிகின்றன. நூலகத்துக்கு ஐந்தில் ஐந்து மதிப்பெண் தருவதில் எனக்குத் தயக்கமில்லை.

அது வந்து சேர்ந்த காலத்துக்கு இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை. பொங்கோலைப் புதுநகராக்கும் 'பொங்கோல் 21' திட்டம் 1996இல் அறிவிக்கப்பட்டது. பெருவிரைவு ரயில் 2003இல் வந்தது. நூலகத்தின் முதலிரண்டு தளங்கள் திறக்கப்பட்டதோ 2023 ஜனவரியில். நாங்கள் 2013இல் இங்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குக் குடிவந்தபோது என் மகளுக்கு ஒரு வயது. அப்போது நூலகம் என்றால் பக்கத்து நகரான செங்காங்குக்குத்தான் போகவேண்டும். இங்கே நூலகம் திறந்த நாளில் அவளுக்குப் பதினொரு வயது. குழந்தைகளுக்கான குட்டி நாற்காலியில் அமர்ந்து பார்த்துவிட்டு, முழங்கால் இடிக்கிறது என்று எழுந்துவிட்டாள். தம்பிக்குத்தான் அந்த யோகம்.

பள்ளி விஷயம் இன்னும் கசப்பானது. தொடக்கநிலை ஒன்றுக்குப் பதிவு செய்தபோது, எங்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த பள்ளியில் குலுக்கலில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. புளோக்கின் கீழே நின்றால் அந்தப் பள்ளியின் மணியோசை கேட்கும். அவளோ விடியுமுன் பள்ளிப் பேருந்துக்குக் காத்திருந்தாள்.

திட்டமிடுவோரின் சங்கடம் புரியாமல் இல்லை. பிடிஓ வீடுகளுக்கு, அதாவது முன்பதிவுக்கேற்பக் கட்டித் தரப்படும் வீவக வீடுகளுக்கு, ஒத்த வயதுடைய இளங்குடும்பங்கள் ஒருசேர வருவதால் பள்ளி இடங்களுக்கான தேவை ஒரே சமயத்தில் உச்சம் தொட்டுப் பின்பு சரிகிறது. ஜூரோங் வெஸ்ட்டில் இருந்த பயனியர் தொடக்கப்பள்ளி 2025இல் புதுநகரான தெங்காவுக்கு இடம்பெயர்ந்ததும் இந்த ஏற்ற இறக்கத்தின் விளைவே என்று நினைக்கிறேன். முந்திக்கொண்டு கட்டினாலும் பேச்சு வரும். ஆள் போதாது என்று புவாங்கோக் பெருவிரைவு ரயில் நிலையம் பூட்டியே கிடக்க, 2005இல் யாரோ அட்டையில் செய்த வெள்ளை யானைகளை அங்கே நிறுத்திவைத்தார்கள்; பெருஞ்செலவில் கட்டிப் பயனின்றிக் கிடப்பதை ஆங்கிலத்தில் வெள்ளை யானை என்பார்கள். 2006 ஜனவரியில் நிலையம் திறந்தது. யானைக்கு அஞ்சியே நூலகத்தை இவ்வளவு காலம் தள்ளிப்போட்டார்களோ என்று சில நேரம் தோன்றும்.

போக விரும்புவோருக்கு ஒரு குறிப்பு: நூலகம் காலை 10 மணிக்குத் திறக்கும். 2 லட்சத்தை நெருங்கும் மக்கள் வாழும் நகருக்கு இது ஒன்றே என்பதால், அதற்குச் சற்று முன்பே போய், கீழே தோசையோ கோப்பியோ முடித்துக்கொண்டு மேலே ஏறுவது நல்லது. தேர்வுக்காலத்தில் என் மகள் அப்படித்தான் இடம் பிடிக்கிறாள்.